பின்னட்டைப் பேராசிரியர்

சென்னைப் புத்தகக் காட்சிக்கு இவர் வராத ஆண்டு கிடையாது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஆங்கிலப் புத்தகம் விற்கிற ஏதாவது ஒரு அரங்கில் பார்த்துவிடலாம். தோளில் ஜோல்னாப் பை, மூக்கு நுனியில் கண்ணாடி, கைக்கு ஒன்றாக இரண்டு தடிப் புத்தகம். கண்ணில் பட்டுவிட்டோமோ, தீர்ந்தது. "நீங்களே சொல்லுங்க சார், எதை எடுக்கலாம்?" என்று நம்மை நாட்டாமை ஆக்கிவிடுவார்.

இடக்கையில் தாமஸ் பிக்கெட்டியின் ‘கேபிடல் இன் த ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி’. ஏறத்தாழ 700 பக்கம். வலக்கையில் பெஸல் வான் டெர் கோல்க்கின் ‘த பாடி கீப்ஸ் த ஸ்கோர்’. முன்னது பணத்தின் சரித்திரம், பின்னது மனக்காயத்தின் மருத்துவம். இரண்டும் ஆங்கிலத்தில் வந்தது 2014-ல். "ஒரே வருஷத்துப் பிள்ளைங்க சார், ஒண்ணை மட்டும் எப்படித் தூக்குறது?" என்பார்.

பரிசீலனைக்கு ஒரு முறை உண்டு. முதலில் பின்னட்டை. அடுத்து பொருளடக்கம். அடுத்து கடைசியில் உள்ள சொல்லடைவு. ‘இந்தியா’ எத்தனை இடத்தில் வருகிறது என்று விரல் வைத்து எண்ணுவார். அப்புறம் நடுப்பக்கத்தை விரித்து ஒரு முகர்வு. கடைசியாக, கல்லாவில் இருக்கும் பையனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கைப்பேசியில் அமேசான் விலை.

பையன் இதை ஒரு நாளைக்குப் பத்து முறை பார்ப்பவன். "பில் போட்டுடவா சார்? 10 பர்சென்ட் கழிவு இருக்கு."

"இருங்க தம்பி. கத்திரிக்காயா வாங்குறோம்?"

படிக்காதவர் என்று எடை போட்டுவிடாதீர்கள். மூலதனம் ஈட்டுகிற வருவாயின் விகிதம் நாட்டின் வளர்ச்சி விகிதத்தை மிஞ்சிக்கொண்டே போனால், உழைப்பவனைவிட வாரிசு முந்திவிடுவான் என்ற பிக்கெட்டியின் வாதத்தை அரை நிமிடத்தில் சொல்வார். வரிக் கணக்கும் வாரிசுப் பத்திரமும் புரட்டிய மனுஷன் பால்ஸாக் நாவலையும் ஜேன் ஆஸ்டினையும் சாட்சிக்கு இழுப்பதைச் சிலாகிப்பார். வான் டெர் கோல்க் 1978-ல் பாஸ்டனில் வியட்நாம் போர் முடிந்து வந்த வீரர்களுக்குச் சிகிச்சை தரத் தொடங்கியதும், பழைய பயங்கரம் மூளையில் மறுபடி ஓடும்போது பேச்சுக்கான பகுதி அடங்கிப்போவதும் அவருக்கு அத்துப்படி. எல்லாம் மதிப்புரை, நேர்காணல், யூடியூப் உபயம்.

ஆனால் போர்முனையிலிருந்து வந்த இந்த ஞானம் இவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சுருங்கிவிடும். ஊர்வீடு அண்ணன் பேருக்குப் போனது பிக்கெட்டி கணக்கு. ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் வீசிய பிரம்பு வான் டெர் கோல்க் கணக்கு. அலுவலகத்தில் மெமோ வந்தால் இரண்டு கணக்கிலும் வரவு வைப்பார். மகன் கதவைப் படாரென்று சாத்தினால், "அவன் மூளையோட அபாய மணி அமிக்டலா முழிச்சுக்கிச்சு" என்பார்.

"ஏங்க, அது முழிச்சது இருக்கட்டும். கேஸ் சிலிண்டர்க்காரர் வாசல்ல நிக்கிறார், காசைக் குடுங்க" என்பார் மனைவி.

சரி, இத்தனை ஆசை இருப்பவர் ஒன்றை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே? அங்கேதான் சூட்சுமம். வாங்கினால் படிக்க வேண்டும். படித்தால் புரியாத இடம் வரும், தூக்கம் வரும், பாதியில் விட்ட அவமானம் வரும். வாங்காதவரை இரண்டு துறையிலும் அவர் பண்டிதர். தேர்ந்தெடுக்க முடியாமல் தவிப்பது அவருக்குத் துன்பம் இல்லை, பதவி.

அதற்கும் ஆதாரம் வைத்திருக்கிறார். ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 2014-ல் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டார். கிண்டிலில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட வரிகள் சராசரியாக எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்தால், புத்தகம் எவ்வளவு தூரம் படிக்கப்பட்டது என்று ஊகிக்கலாம். ஸ்டீபன் ஹாக்கிங் பெயரை வைத்த அந்தக் குறியீட்டில் ஹாக்கிங் புத்தகத்துக்கே 6.6 சதவீதம், பிக்கெட்டிக்கு 2.4. முதல் ஐந்து அடிக்கோடுகளும் 26-ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை. "காசு குடுத்து வாங்கினவனே 26-ல நின்னுட்டான். நான் காசு குடுக்காமலே அங்க வந்துட்டேன்!" என்பார், நெஞ்சை நிமிர்த்தி.

மாலையில் பஜ்ஜிக் கடை ஓரம் அவருக்கு ஒரு சபை கூடும். "ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றாங்க. பழைய சொத்தும் சரி, பழைய காயமும் சரி, தானாக் கரையாது, வட்டி போட்டு வளரும்" என்று எடுத்துவிடுவார். உண்மையிலேயே நல்ல வரி. கூட்டம் தலையாட்டும்.

அப்போது ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "அப்போ இதுக்குத் தீர்வு என்னதான் சொல்றாங்க சார்?"

பிக்கெட்டியின் தீர்வு, செல்வத்தின் மேல் உலகளாவிய ஏறுமுக வரி, புத்தகத்தின் நான்காம் பாகத்தில் இருக்கிறது. வான் டெர் கோல்க்கின் யோகாவும் நாடகப் பயிற்சியும் அவர் புத்தகத்தின் கடைசிப் பகுதியில். பேராசிரியர் பஜ்ஜியை நிதானமாக மென்று முடித்தார்.

"முடிவைச் சொல்லிட்டா படிக்கிற சுகம் போயிடும்மா. அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன்."