தீம் பார்க் முகூர்த்தம்

குழந்தைக்குப் பெயர் வைக்க நாள் இருக்கிறது. முதல் சோறு ஊட்ட, மொட்டை போட, காது குத்த, விஜயதசமியன்று நெல்லில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்க, எல்லாவற்றுக்கும் பஞ்சாங்கத்தில் இடம் உண்டு. முதன்முதலாகத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போக மட்டும் ஒரு வரி கிடையாது. இத்தனைக்கும் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுத் திரும்புகிற அதே செலவு, அதே வெயில், அதே அழுகை. தாய்மாமன் மடி ஒன்றுதான் குறைவு. பெரியவர்கள் கைவிட்ட இந்தத் துறையில் பெற்றோருக்கு வழிகாட்டவே இந்தக் கையேடு.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. எந்த வயதில் போகலாம் என்று குழந்தையிடம் கேட்கக் கூடாது. "இப்பவே" என்று சொல்லும். இந்தக் கணக்கில் வரும் பல எண்களில் குழந்தையின் வயதும் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த எண்ணையாவது முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். நம் ஊரில் ஒரே குழந்தைக்கு ஒரே சமயத்தில் நாலைந்து வயது இருக்கும். எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, நாத்தனார் பிள்ளையோடு ஒப்பிடும்போது ஒன்று. உறவினர் வீட்டில் "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது" என்று பெருமையாக அறிமுகமாகும் பிள்ளை, டிக்கெட் கேட்கும் இடத்தில் "இன்னும் அஞ்சே முடியலைங்க" ஆகிவிடும். ரயிலில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். அதனால் டி.டி.ஆர். பெட்டிக்குள் நுழையும் நேரத்தில் ஐந்து நிரம்பாதவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடும். அவர்களில் சிலர் ஜன்னலோரம் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார்கள். அரசுப் பேருந்துகளில் நெடுங்காலம் மூன்று வயது வரைதான் இலவசம் என்றிருந்தது. 2022-இல் தமிழக அரசு அதை ஐந்தாக உயர்த்துவதாக அறிவித்தது. கண்டக்டரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பொய் இரண்டு வருஷம் தள்ளிப்போனதில் தாய்மார்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. ஹாங்காங் டிஸ்னியில் மூன்று வயதுக்குள் இலவசம், சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸில் நான்கு வயதுக்குள் இலவசம். ஆனால் கையில் பாஸ்போர்ட் இருக்கும். அதில் குழந்தைக்கு ஒரே ஒரு வயதுதான் இருக்கும்.

உள்ளூர் தீம் பார்க்காரர்கள் நம்மைக் கரைத்துக் குடித்தவர்கள். வயதைக் கேட்பதில்லை, அளவுகோலைக் காட்டுகிறார்கள். நமக்கு இது புதிதல்ல. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு என்று வைத்திருந்த ஹெட்மாஸ்டர்கள் வாழ்ந்த நாடு இது. அப்படித் தொட்டுச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஹெட்மாஸ்டர் கணக்கில் மே, ஜூனில்தான் பிறந்தநாள். இப்போது காதுக்குப் பதில் சென்டிமீட்டர். கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத் என்று சுற்றிவிட்டுத் திருப்போரூர்ப் பக்கமும் வந்துவிட்ட வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் டிக்கெட் இல்லை. 85-இலிருந்து 140 வரை குழந்தை. அதைத் தாண்டினால், இன்னும் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தாலும், பெரியவர்.

இதில் ஒரு சூட்சுமம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 86, 87 செ.மீ. மூன்று வயதில் 95-ஐத் தொடும், ஐந்தில் 110. ஆக, இலவசமாகப் போக நினைப்பவர்கள் இரண்டாவது பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குள் போய்விட வேண்டும். மனித உடம்பு வேறு காலையில் கொஞ்சம் உயரமாகவும் மாலையில் கொஞ்சம் குட்டையாகவும் இருக்கும். நாள் முழுக்க நின்று நடப்பதில் முதுகெலும்பின் நடுவே இருக்கும் தட்டுகள் அமுங்குவதால் சுமார் ஒரு செ.மீ. குறையும். எல்லையில் நிற்கும் குழந்தையின் பெற்றோர் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் டிக்கெட் கவுன்டரில் குட்டையாக இருக்க வேண்டிய அதே பிள்ளை, அரை மணி நேரம் கழித்து ரைடு வாசலில் உயரமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ. வேண்டும், பேட்டில்ஸ்டார் கேலக்டிகா கோஸ்டருக்கு 125. கவுன்டரில் முழங்காலை லேசாக மடக்கு, உள்ளே போனதும் குதிகாலை லேசாக எம்பு என்று காரிலேயே பாடம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. பிள்ளை பாடத்தைத் தலைகீழாகச் செய்யும். கவுன்டரில் எம்பி நிற்கும்.

உயரக் கோடு எதற்கு என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கையேட்டில் விளையாட்டில்லாத பகுதி இது ஒன்றுதான். கோஸ்டர் மேட்டில் ஏறிச் சட்டென்று இறங்கும் கணத்தில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அப்போது ஆளைப் பிடித்து வைப்பது தொடைமேல் அழுந்தியிருக்கும் கம்பி. குழந்தை முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாலும் அந்தக் கம்பி அதன் தொடையைப் பிடிக்கும் அளவுக்கு உடம்பு இருக்க வேண்டும், கோடு அதற்காகத்தான். "ஒரு செ.மீ.தானே சார்" என்று ஆபரேட்டரிடம் கெஞ்சாதீர்கள். அவர் மனமிரங்கினால் நீங்கள் இறங்கிவிடுங்கள்.

அதைவிட நுட்பமான ஆபத்து அப்பாவின் வயிறு. சில ரைடுகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. ஆபரேட்டர் அதை அழுத்துவார். கம்பி இறங்கி வந்து, பத்து வருஷக் கல்யாண வாழ்க்கையும் ஐ.டி. வேலையும் வளர்த்துவிட்ட தொப்பையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பூசணிக்காய் வைக்கலாம். எனவே குழந்தையின் வயதைப் பார்க்கும் முன் அப்பாவின் பெல்ட்டில் எத்தனையாவது ஓட்டை என்று பாருங்கள். ஒரே கம்பி என்றால் குடும்பத்தில் ஒல்லியானவரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எல்லாக் குடும்பத்திலும் கல்யாணமாகாத சித்தப்பா ஒருவர் இருப்பார். தட்டையான வயிறு இப்போதைக்கு அவரிடம்தான் மிஞ்சியிருக்கிறது. அவருக்குப் பெண் அமைவதற்குள் போய்வந்துவிடுங்கள்.

இனி வயதுவாரியாகப் பார்ப்போம்.

மூன்றுக்குள். பெரும்பாலான மனிதர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது எதுவும் நினைவில் நிற்பதில்லை. உளவியல்காரர்கள் இதற்குக் குழந்தைப் பருவ மறதி என்று பெயர் வைத்து நூறாண்டுக்கு மேலாகிறது. பிள்ளைக்கு ஞாபகமே இருக்காது, பின்னே எதற்குக் கூட்டிப்போவது என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ஞாபகமே இருக்காது என்றால், கூட்டிப்போனதாகச் சொன்னால் போதாதா? மாநகராட்சிப் பூங்கா சறுக்கு மரத்தில் நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வயதில் "என்னை எங்கேயுமே கூட்டிட்டுப் போகலை" என்று சண்டைக்கு வரும்போது, "ரெண்டு வயசுலயே போனோமேடா கண்ணா, மறந்துட்டியா?" என்று குரலில் கொஞ்சம் மனவருத்தம் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தக் கையேட்டில் செலவில்லாத ஒரே யோசனை இது.

நிஜமாகவே கூட்டிப்போனால், ஆள் உள்ளே இருக்கும் கரடி பொம்மையைக் கண்டு பிள்ளை அலறும். அலறும்போதே அதன் கையில் கொடுத்து போட்டோ எடுப்பது நம் மரபு. கிழக்குக் கடற்கரைச் சாலை வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரிடம் மட்டும் இந்த வயதுப் பிள்ளைகள் பயப்படுவதில்லை. பெயர் என்ன, எந்த ஸ்கூல், ஒரு ரைம்ஸ் சொல்லு என்றெல்லாம் கேட்காமல் சும்மா இருக்கிற பெரிய மனிதரை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான்கும் ஐந்தும். மிகவும் அபாயகரமான வயது, ஏனென்றால் உண்மை பேசும். கவுன்டரில் யாராவது பேச்சுவாக்கில் வயதைக் கேட்டு, நீங்கள் "நாலுங்க" என்று தொடங்கினால், இடுப்பளவு உயரத்திலிருந்து "எனக்கு அஞ்சு முடிஞ்சிடுச்சு! ஸ்பைடர்மேன் கேக் வெட்டினோமே!" என்று குரல் வரும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் அந்தக் கேக்கைப் பற்றித் தெரிந்துகொள்வார்கள்.

இந்த வயதுக்கு ஒத்திகை போதும். சென்னையில் தீவுத்திடல், மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி, உங்கள் ஊர்த் திருவிழாவில் வந்திறங்கும் ராட்டினம், எதுவும் ஆகும். முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளத்தைக் கையில் கொடுத்து, குடை ராட்டினத்தில் ஏற்றிப் பாருங்கள். இரண்டாவது சுற்றிலேயே "எறக்கு" என்று கத்தினால் ஒரு குடும்பத்தின் தீம் பார்க் டிக்கெட் மிச்சம். இறங்கவே மாட்டேன் என்று கத்தினால் செலவுக்குத் தயாராகுங்கள். எப்படியும் கத்தும்.

ஆறிலிருந்து ஒன்பது. நடக்கும், வரிசையில் நிற்கும், பாத்ரூம் வருவதை ஐந்து நிமிஷம் முன்னாலேயே சொல்லும், அப்பாவை இன்னும் நம்பும். உண்மையில் இதுதான் சரியான வயது. அப்படி ஒரே வரியில் எழுதிவிட்டால் கையேடு இங்கேயே முடிந்துவிடும் என்பதால் மேலே போவோம்.

பதின்மூன்றுக்கு மேல். வருவார்கள், உங்களோடு அல்ல. உங்கள் பர்ஸோடு.

பிள்ளையின் வயது முடிந்தது, இனிப் பெரியவர்களுடையது. தன் மகள்கள் லாஸ் ஏஞ்சலஸ் பூங்கா ஒன்றில் குடை ராட்டினம் சுற்றிக்கொண்டிருக்க, தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு இருக்க வேண்டியிருந்தபோதுதான், பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை வந்ததாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலாண்ட் திறந்தது. அப்பா ஒருவருக்குப் பொழுது போகாததில் பிறந்த தொழில் இது. பிள்ளையைச் சாக்கு வைத்துப் போகிறோமோ என்று கூச்சப்படுகிறவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். 'மை டியர் குட்டிச்சாத்தான்' படமெடுத்த நவோதயா அப்பச்சன் தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்தபோது ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் வரிசை கட்டிப் போன தலைமுறைதான் இப்போது அப்பா, அம்மா. "பிள்ளை ஆசைப்படறான்" என்று அவர்கள் சொல்லும்போது பிள்ளை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

பாட்டியின் வயது அதைவிட முக்கியம். தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் மாதிரித் துணிதான் அனுமதி, பருத்தியும் புடவையும் கூடாது என்று பல பார்க்குகளில் போர்டு இருக்கும். மற்றவர்கள் அங்கேயே நைலான் வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க, புடவையோடு பாட்டி மரத்தடியில் பத்துப் பைகளையும் எட்டு ஜோடிச் செருப்பையும் பார்த்துக்கொள்வார். லாக்கர் இருக்கிறதே என்பீர்கள். லாக்கர் பசித்த பிள்ளைக்கு முறுக்கு எடுத்துக் கொடுக்காது. பாட்டிக்கு முழங்கால் வலி முற்றுவதற்குள் பிள்ளை 102 செ.மீ. தொட வேண்டும். இந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும் வருஷமே சுபமுகூர்த்தம்.

பாட்டி வந்தால் புளியோதரையும் வரும். வெளிச் சாப்பாடு பெரும்பாலான பார்க்குகளில் கூடாது. கைக்குழந்தையின் சாப்பாட்டுக்கு வழக்கமாகத் தடை சொல்வதில்லை. மூத்தவனுக்கு எட்டு வயதாகும்போது இளையதற்கு ஒன்றரை வயது இருப்பது உத்தமம் என்பது இதனால்தான். ஒன்றரை வயதுக் குழந்தை நாலு தூக்கு புளியோதரையும் வறுத்த அப்பளமும் சாப்பிடுமா என்று செக்யூரிட்டி கேட்டால், "எங்க வீட்டுப் புள்ளைங்க கொஞ்சம் நல்லா சாப்பிடும் தம்பி" என்று பாட்டியே பதில் சொல்லட்டும்.

நாள் விஷயம். மே மாதம் வேண்டாம்: ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு வெறுங்காலோடு போவது தீமிதிக்கு ஒத்திகை ஆகிவிடும். ஞாயிறு வேண்டாம், ஊரே அங்கே இருக்கும். வேலைநாளில் கூட்டமும் குறைவு, சில இடங்களில் கட்டணமும் குறைவு. ஆனால் அதற்கு ஸ்கூலுக்கு லீவ் லெட்டர் எழுத வேண்டும். காய்ச்சல் என்று எழுதினால் பிள்ளைக்கு அந்தப் பொய்யைக் காப்பாற்றும் வயது வந்திருக்க வேண்டும். யு.கே.ஜி. பிள்ளை மறுநாள் காலை பிரேயர் முடியுமுன் "மிஸ், நாங்க கொலம்பஸ்ல போனோம், அப்பா வாந்தி எடுத்தாங்க" என்று ஒப்பித்துவிடும். மூன்றாம் வகுப்பு வந்தால் கொஞ்சம் தேறும். முகம் கறுத்ததற்குக் காரணம் கேட்டால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லக் கற்றிருக்கும்.

அந்த வயது வந்தும் ஒரு சங்கடம் வரலாம். வேவ் பூலில் அலை அடித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், நைலான் உடையில் எதிரே கிளாஸ் மிஸ் நிற்பார். பிள்ளையின் வாயைப் பொத்துங்கள். குட் மார்னிங் சொல்லக் கூடாது. அவருக்கும் அன்றைக்குக் காய்ச்சல்.