சேர்வராயன் மலையில் சைபீரியா

காற்றடித்தால் கரடியூரில் சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழும்; கரண்டு போகும். உடனே ஜெனரேட்டர் ஆயில் நிபுணர்கள் முளைப்பார்கள். "மலைக்குளிருங்க, 0டபிள்யூ-தான் ஊத்தணும்!" அது மைனஸ் 35 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிடும் சரக்கு. நமக்கு ஸ்வெட்டரே அதிகம். இன்னொருவர், பைக்குக்கு ஊற்றி மிஞ்சிய 20டபிள்யூ-40ஐ நீட்டுவார், வீணாகிவிடுமாம்.

வீட்டு ஃபோர் ஸ்ட்ரோக் ஜெனரேட்டர் பலவற்றுக்குக் கையேடு சொல்வது 10டபிள்யூ-30. அந்தக் கையேடு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், உறை பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. ஆயில் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் சென்சார் பல மாடல்களில் உண்டு. நின்றதும் பழி பெட்ரோல் பங்க்குக்கு. புது எஞ்சினுக்கு 20 மணி நேர ஓட்டத்திலேயே முதல் ஆயிலை மாற்றச் சொல்வார்கள். சிலர் பேரன் பிறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

கையேட்டைப் பிரியுங்கள். ஜெனரேட்டரை மட்டும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.