நாற்காலியில் பயணம், வயிற்றில் கலக்கம்

கே: இருந்த இடத்தை விட்டு எழாமல் வீடியோ கேம் ஆடுபவருக்கு ஏன் குமட்டுகிறது?

ப: கண்ணும் காதும் மூளைக்கு முரணான செய்தி சொல்வதால். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்புவதைக் குழாய்கள் உணரும். நேர்கோட்டில் வேகம் மாறுவதையும் தலையின் சாய்வையும் பைகள் உணரும். திரைக்காட்சி விரையும்போது கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது. உள்காது ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இந்த முரண்பாட்டு விளக்கத்தை ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ரீசனும் ஜே. ஜே. பிராண்டும் 1975-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினர்.

கே: பேருந்தில் வரும் வாந்தியும் இதுவும் ஒன்றா?

ப: காரணம் ஒன்று, திசை எதிர். பேருந்தில் புத்தகம் படிப்பவரின் உள்காது அசைவை உணர்கிறது. கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது. கேமில் கண் மட்டுமே பயணம் போகிறது. அதனால் பேருந்தில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது உதவும். கேமில் திரையிலிருந்து பார்வையை விலக்குவது உதவும்.

கே: குழம்புவது மூளை. தண்டனை வயிற்றுக்கா?

ப: சில நஞ்சுகளும் புலன்களைக் குழப்பும். எனவே புலன்கள் முரண்பட்டால், நஞ்சு உள்ளே போய்விட்டதாகக் கருதி உடல் அதை வெளியேற்ற முயல்கிறது என்று ஆய்வாளர் மிஷெல் ட்ரீஸ்மன் 1977-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். இது இன்றும் கருதுகோள் நிலையிலேயே இருக்கிறது.

கே: எந்த கேம்களில் தொல்லை அதிகம்?

ப: பாத்திரத்தின் கண் வழியாகவே காட்சி தெரியும் கேம்களில். 1993-இல் வந்த ‘டூம்’ இந்த வகையைப் பரவலாக்கியது. நடைக்கேற்பக் குலுங்கும் கேமரா, குறுகிய பார்வைக்கோணம், கையசைவுக்குப் பிந்தி நகரும் படம் ஆகியவை குமட்டலைக் கூட்டும். வெளியுலகை முழுவதும் மறைக்கும் விஆர் ஹெட்செட்டில் இது இன்னும் கடுமை.

கே: குமட்டல் வந்தால் ஆள் பலவீனமா?

ப: இல்லை. அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் 1950-களிலேயே இந்தச் சிக்கல் பதிவானது. புதிய மாணவர்களைவிட அனுபவமுள்ள பயிற்றுநர்களே அதிகம் அவதிப்பட்டனர். உண்மையான பறத்தல் எப்படி இருக்கும் என்பது அவர்கள் உடலுக்குத் தெரிந்திருந்ததே அதற்குச் சொல்லப்படும் காரணம். மாறாக, இரு உள்காதுகளின் சமநிலை உணர்வையும் முற்றிலும் இழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை.

கே: பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடுமா?

ப: பிடிவாதத்தால் பழகாது; குமட்டல்தான் முற்றும். வியர்வையோ தலைசுற்றலோ தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் சிறிது நேரம் ஆடி, நாளாக நாளாக நேரத்தைக் கூட்டினால் பலருக்குப் பழகும். செட்டிங்ஸில் கேமராக் குலுக்கலையும் அசைவின்போது காட்சி மங்கலாவதையும் அணைத்து, பார்வைக்கோணத்தை அகலப்படுத்தலாம். அறையில் விளக்கு எரியட்டும். திரையிலிருந்து தள்ளி உட்காரலாம். பயணக் குமட்டலுக்கான மாத்திரைகள் பல தூக்கம் தருபவை. மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. தலை தெளியும்வரை வண்டி ஓட்டுவது ஆபத்து. கேம் ஆடாத நேரத்திலும் தலைசுற்றல் தொடர்ந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.