அண்ணாந்து பார்க்கும் சித்தப்பா

"வாங்க சித்தப்பா" என்றால் பதிலுக்கு ஒரு "நல்லா இருக்கியா" வராது. செருப்பைக் கழற்றிக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார். "பத்தடி இருக்குமாடா?" என்பார். கேட்பது நம் வீட்டு சீலிங்கைப் பற்றி. "வெள்ளையா இருக்கு, பரவாயில்ல" என்று ஒரு தலையாட்டல். அதற்குப் பிறகுதான் கீழே நிற்கும் மனிதர்கள் அவர் கண்ணில் படுவார்கள்.

கேமரா வாங்கிய சித்தப்பாக்களில் லென்ஸ் பைத்தியம் உண்டு, பறவைப் பைத்தியம் உண்டு. இவர் பவுன்ஸ் கட்சி. ஃபிளாஷை முகத்துக்கு நேராக அடிப்பவன் இவர் பார்வையில் குற்றவாளி. நேராக அடித்தால் நெற்றியில் எண்ணெய் மின்னும், பின்சுவரில் கரேலென்று ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். அதே ஃபிளாஷின் தலையை மேலே திருப்பினால் சீலிங் முழுவதும் விளக்காகி, வெளிச்சம் மெத்தென்று இறங்கும். அவ்வளவும் உண்மை. உண்மையாகத் தொலைவதால்தான் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது.

உலகத்தை அவர் சீலிங் சீலிங்காகத்தான் பிரித்து வைத்திருக்கிறார். காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குப் போனோம். எல்லோரும் பர்மா தேக்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இவர் முகம் வாடிவிட்டது. "இந்த மரம் வெளிச்சத்தை அப்படியே குடிச்சிடும்டா." ஓட்டு வீடு என்றால் உள்ளே வரவே யோசிப்பார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, "இருபத்தஞ்சடி உசரத்துல கூரையைப் போட்டு யாருக்கு என்ன லாபம்?" என்று மேனேஜரிடம் நியாயம் கேட்டவர். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போய்விட்டு வந்து எல்லோரும் சம்பளம், சொந்த வீடு என்று பேசிக்கொண்டிருக்க, இவர் தந்த அறிக்கை: "பையன் தங்கமான பையன். ஆனா ஹால் பூரா பச்சை பெயின்ட். நாளைக்குக் குழந்தை பொறந்தா பச்சையாத்தான் விழும்." போட்டோவில் என்று சொல்லவில்லை. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இவ்வளவு அக்கறை உள்ளவரிடம் ஃபிளாஷ் இல்லாமலா இருக்கும்? இருக்கிறது. பெரியது. நாலு பேட்டரி போடுவது. கழுத்து வலிக்கிறதாம். அதனால் சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டும். இந்த "வாங்க வேண்டும்" வருடக்கணக்கில் நடக்கிறது.

நிக்கான் எஸ்.பி.-400 நல்ல குட்டி. இரண்டே பேட்டரி. ஆனால் தலை மேலே மட்டும்தான் நிமிரும், பக்கவாட்டில் திரும்பாது. ஒரு ஆளை முழு உயரத்துக்கு எடுக்கலாம் என்று கேமராவை நெட்டுக்குத்தலாகப் பிடித்தால் ஃபிளாஷ் பக்கத்துச் சுவரைப் பார்க்கும். ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர் அதற்கு 21. லென்ஸ் திறப்பை எஃப்/4இல் வைத்தால், நேராக அடித்தே ஐந்தேகால் மீட்டர்தான் எட்டும். மேலே போய்த் திரும்பி வரும் வெளிச்சத்துக்கு வழிநெடுகச் செலவு: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி, சீலிங் தின்றது தனிக்கணக்கு. எஸ்.பி.-500 தலையைத் திருப்பும், ஆனால் நம்பர் 24தான். கோடாக்ஸ் டிடி350 தலையையும் திருப்பும், இரண்டு பேட்டரியிலும் ஓடும், பெட்டியில் 36 என்று போட்டிருக்கும். "அது 105 மில்லிமீட்டருக்கு ஜூம் பண்ணிச் சொல்ற கணக்குடா. விரிச்சு அடிச்சா அவ்வளவு வராது" என்று நான்தான் ஏமாற்றிய மாதிரி என்னை முறைப்பார்.

சின்னதாக இருந்தால் சக்தி இருக்காது. சக்தி இருந்தால் சின்னதாக இருக்காது. இது தெரியாதவர் இல்லை. மின்வாரியத்தில் முப்பது வருடம் இருந்தவர்.

2018இல் கேனான் ஒரு ஃபிளாஷ் விட்டது, 470ஈஎக்ஸ்-ஏஐ. சீலிங் எவ்வளவு தூரம், ஆள் எவ்வளவு தூரம் என்று அதுவே அளந்து, தன் தலையைத் தானே திருப்பிக்கொள்ளும். சந்தோஷப்படுவார் என்று காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. "சீலிங்கை அதுவே பார்த்துக்கிட்டா, அப்புறம் நான் எதுக்குடா?" என்றார். அன்றைக்கு மட்டும் பாவமாக இருந்தது.

மற்ற நாளெல்லாம் எரிச்சல்தான். ஏனென்றால் இதற்கு ஒரு வழி இருக்கிறது, காசே ஆகாத வழி. கேமராவில் ஐ.எஸ்.ஓ.வை 100லிருந்து 400க்கு ஏற்றினால் கைடு நம்பர் இரட்டிப்பாகிவிடும். அந்தக் குட்டியின் 21, 42 ஆகும். பத்தடி வெள்ளை சீலிங்குக்கு அது தாராளம். சொன்னால், "நாய்ஸ் வரும்" என்பார். யார் பார்க்கப்போகிறார்கள் அந்த நாய்ஸை? படத்தையே யாரும் பார்த்ததில்லையே!

விசேஷங்களுக்கு வெறும் கேமராவோடு வந்து நிற்பார். "பெரிசு கனம்னு வெச்சுட்டு வந்துட்டேன். சின்னது இன்னும் முடிவாகல." காது குத்தல் போயிற்று, வளைகாப்பு போயிற்று, புதுமனை புகுவிழா போயிற்று. ஆல்பத்தில் இருப்பதெல்லாம் யாரோ வீட்டுப் பையன் செல்போனில் எடுத்தது.

ஒரே ஒருமுறை, அப்பத்தாவின் எண்பதாவது பிறந்தநாளன்று, பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேமராத் திரையில் காட்டினார். பாம்படம் ஆடும் காது, சுருக்கம் சுருக்கமாய்ச் சிரிப்பு, கண்ணில் ஒரு துளி வெளிச்சம். நிழலே இல்லை. சண்டாளன், எடுக்கத் தெரிந்தவர்.

"எடிட் பண்ணி அனுப்புறேன்" என்றார். அப்பத்தா காலமான அன்று மாலை போடப் படம் இல்லாமல், ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். இன்னும் அதுதான் தொங்குகிறது. சித்தப்பா, எந்த ஃபிளாஷையும் வாங்குங்கள், வாங்காமலும் இருங்கள். அந்த ஒரு படத்தை, எடிட் பண்ணாமலே, அனுப்பித் தொலையுங்கள்.