முழுக் கிரகணத்துக்குப் பிளேன் பிடிப்பது எப்படி? கொச்சிக்கடைவாசிகளுக்கு ஒரு கையேடு

இந்தக் கையேடு கொழும்பு 13 இல் உள்ள கொச்சிக்கடைக்காரருக்கு மட்டும். நீர்கொழும்புக்கு அப்பால் இன்னொரு கொச்சிக்கடை இருக்கிறது. அவர்களுக்குக் கட்டுநாயக்க விமான நிலையம் பக்கத்திலேயே கிடக்கிறது; தங்கள் அலுவலைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

கிரகணம் பார்க்கப் பிளேன் எதற்கு, மொட்டை மாடி போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். 1955 ஐச் சொல்லி வாயை அடையுங்கள். அந்த வருடம் ஜூன் 20, திங்கட்கிழமை, காலை 8 மணிக்குக் கொஞ்சம் பிந்திச் சந்திரனின் நிழல் இந்தத் தீவைக் குறுக்கறுத்துப் போனது. கொழும்பும் அந்த நிழலுக்குள் அகப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுதான். பிலிப்பைன்ஸ் பக்கத்தில் உச்சம், 7 நிமிடம் 8 செக்கன். ஹிங்குராக்கொடைப் பக்கம் பெட்டி பெட்டியாகக் கருவி இறக்கிக் காத்திருந்த வெளிநாட்டு விஞ்ஞானிகள் கடைசியில் முகிலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜூன் மாதம் தென்மேல் பருவக்காற்றுக் காலம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லாமல் இல்லை. ஆனால் கிரகணம் ஆளுக்கேற்ற மாதம் பார்த்து வருவதில்லையே. எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருநாள் முடிந்து சரியாக ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. தொலைந்த சாவிக்கும் தொலைந்த சங்கிலிக்கும் மெழுகுதிரி கொளுத்துகிற ஊரில், தொலைந்த சூரியனுக்காக ஒன்று கொளுத்த ஒருவருக்கும் தோன்றவில்லையோ என்னவோ.

அதே காலையில் வேறொரு கூத்தும் நடந்தது. கிரகண நேரத்தில் வசம்புக் கஷாயம் குடித்தால் அழகு கூடும், நிறம் வெளுக்கும் என்று நாடு முழுக்க ஒரு கதை பரவி, அதை நம்பிக் குடித்தவர்கள் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆகவே பிளேனில் ஏறும் முன் ஒவ்வொருவரின் போத்தலையும் முகர்ந்து பாருங்கள்.

இனிப் பிளேன். சின்னப் பிளேனுக்கு இரத்மலானைதான். கோட்டைக்குப் போய்க் காலி வீதி பஸ் ஒன்றைப் பிடித்தால், வெள்ளவத்தையில் ஏறுகிற சனத்தைத் தாண்டி எப்படியோ போய்ச் சேரலாம். அங்கே முதன்முதலாக இறங்கியதும் ஒரு சின்னப் பிளேன்தான்: 1935 நவம்பர் 27, சென்னை பறக்கும் கழகத்தின் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ ஓட்டி வந்த ‘புஸ் மொத்’. இப்போது உங்கள் கண்ணில் படக்கூடியது செஸ்னா 172 போல ஒன்று. நாலு இருக்கை. அதில் ஒன்று விமானிக்கு என்பதைச் சித்தப்பாவுக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள்.

நிழலைத் துரத்தலாம் என்று கனவு காண வேண்டாம். செஸ்னா மணிக்கு 225 கிலோமீற்றர் போகும். சந்திர நிழல் மெதுவாகப் போகிற இடத்திலேயே மணிக்கு 2,000 கிலோமீற்றர் அளவில் ஓடும். நிழல் போகிற திசையிலேயே நீங்களும் மூச்சுப் பிடித்துப் பறந்தால் ஆறு நிமிட இருட்டில் முக்கால் நிமிடம் போலக் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தப் பந்தயத்தை ஓரளவு ஓடிக் காட்டியது கொன்கோர்ட் ஒன்றுதான். 1973 ஜூன் 30 அன்று ஆபிரிக்காவுக்கு மேலே விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு 74 நிமிடம் நிழலுக்குள்ளேயே நின்றது.

அந்த 1973 கிரகணம் எங்களை 1955 இல் ஏமாற்றியதன் சொந்தத் தம்பி. ஒரே குடும்பத்துக் கிரகணங்கள் 18 வருடமும் பத்துப் பதினொரு நாளும் கழித்து, பூமியின் வேறொரு பக்கத்தில் திரும்பி வரும். 1955, 1973, 1991, 2009, அடுத்தது 2027. மூத்தவர் எங்களுக்கு முகிலைக் காட்டினார். 2009 ஜூலை 22 க்காரர் பீகாரில் தரேகனாவில் கூடிய பெரும் கூட்டத்துக்கும் முகிலைத்தான் காட்டினார். அன்றைக்குத் தில்லியிலிருந்து கிளம்பிய ஒரு வாடகை விமானத்தில் இருந்தவர்களோ முகிலுக்கு மேலே சௌகரியமாகப் பார்த்தார்கள். அதில் சூரியன் பக்க யன்னல் இருக்கை 79,000 இந்திய ரூபாய். பூமிப் பக்கம் 29,000. இந்த விலைப்பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள். செஸ்னாவிலும் குடும்பச் சண்டை இந்த இடத்தில்தான் தொடங்கும்.

ஏனென்றால் செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. சூரியன் உச்சியில் நின்றால் நீங்கள் காசு கொடுத்துப் பார்க்கப்போவது இறக்கையின் அடிப்பக்கம். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் சூரியன் 82 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். முகில் வராத பாலைவனம் வேறு. அங்கே பிளேன் வீண் செலவு, பாய் ஒன்று போதும். பிளேன் வேண்டியது எங்களைப் போல முகில் நாட்டில், சூரியன் சாய்ந்து நிற்கிற காலை வேளைக்கு. 1955 இல் இரண்டும் வாய்த்திருந்தன. பிளேனில் போகத்தான் எங்களில் ஆளில்லை.

முகிலுக்கு மேலே ஏறிவிடலாம் என்று விமானியிடம் அடம்பிடிக்காதீர்கள். செஸ்னா மூச்சிரைக்க ஏறினாலும் 14,000 அடியோடு சரி, அந்த உயரத்தில் ஒட்சிசனும் வேண்டும். பருவக்காற்று முகில் அதைப் போல மூன்று மடங்கு உயரத்துக்கும் கோபுரம் கட்டும். கெட்டிக்கார விமானி மேலே ஏறமாட்டார், பக்கவாட்டில் போவார். முகிலில் ஓட்டை எங்கே என்று முதல் நாளே வானிலைப் படம் பார்த்து வைத்திருப்பார். சின்னப் பிளேனின் உண்மையான உபயோகம் அதுதான்.

கிரகண விரதத்தைப் பற்றி மாமி கேட்பா. பொன்னம்பலவாணேசர் கோயில் நடை சாத்தியிருக்க, இவர்கள் வானத்தில் கட்லட் சாப்பிடுவதா? மாமி சொல்வதைக் கேளுங்கள். செஸ்னாவில் கழிப்பறை கிடையாது. சாத்திரமும் விமானவியலும் ஒத்துப்போகிற அபூர்வமான இடம் இது.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் பகிடி வேண்டாம். பிளேன் யன்னல் கண்ணைக் காக்காது. எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, கறுப்புக் கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. கிரகணத்துக்கென்று செய்த வடிகட்டிக் கண்ணாடியைப் போடுங்கள். சூரியன் முழுதாக மறைந்த பிறகு மட்டும் கழற்றலாம், ஒரு துளி வெளிச்சம் திரும்பியதும் மறுபடி போட வேண்டும். விமானி உங்களோடு சேர்ந்து “ஐயோ, பாருங்கோ!” என்று வாயைப் பிளக்காதவராக இருக்க வேண்டும். அதே ஓட்டையைத் தேடி இன்னும் நாலு பிளேன் வந்திருக்கும், யாராவது ஒருவர் முன்னே பார்க்கத்தான் வேண்டும்.

இலங்கை மேல் அடுத்த முழுக் கிரகணம் 2070 ஏப்ரல் 11, விடிந்த கையோடு. சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும், இறக்கை மறைக்காது, பருவக்காற்றுக் காலமும் அல்ல. ஒரே சிக்கல், சித்திரைப் புத்தாண்டுக்கு அது இரண்டு மூன்று நாள் முன்னே விழுகிறது. அதற்குள் விமானி லீவு போட்டு ஊருக்குப் போய்விடுவார். அட்வான்ஸை இப்போதே கொடுத்து வையுங்கள், ரசீதை மறக்காமல் பேரப்பிள்ளையின் பெயரில் எழுதி வாங்குங்கள்.