எலி ஏன் நீந்துவதை நிறுத்துகிறது?

கே.எஸ்., மதுரை: எலிக்கு அழத் தெரியாது, டாக்டரிடம் சொல்லத் தெரியாது. அதற்கு மனச்சோர்வு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சர்க்கரைத் தண்ணீர் வைத்து. கூண்டில் இரண்டு புட்டி. ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் இனிப்பு. நல்ல மனநிலையில் உள்ள எலி இனிப்பைத்தான் தேடிப் போகும். வாரக்கணக்கில் தொல்லைப்பட்ட எலிக்கு அந்த ஆசை குறைந்துவிடும். என்ன தொல்லை? கூண்டைச் சாய்த்து வைப்பார்கள், படுக்கைத் தூளை நனைப்பார்கள், ராத்திரி முழுக்க விளக்கு எரியும். 1980களில் பால் வில்னர் பிரபலமாக்கிய முறை இது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறைத் தொந்தரவுகள். எப்போது எது வரும் என்று தெரியாததுதான் ஆளைச் சாய்க்கிறது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆர்., கும்பகோணம்: எலியைத் தண்ணீரில் போட்டு மனச்சோர்வு மருந்தைச் சோதிப்பார்களாமே?

ஆமாம். 1977இல் ரோஜர் போர்சோல்ட் தொடங்கிவைத்தது. ஏறித் தப்ப முடியாத கண்ணாடி உருளை, 25 டிகிரி தண்ணீர். முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5 நிமிடம். எலி முதலில் சுவரைப் பிராண்டும், சுற்றிச் சுற்றி நீந்தும். பிறகு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சும்மா மிதக்கும். ஸ்டாப் வாட்சோடு ஒருவர் அந்த மிதக்கும் வினாடிகளை எண்ணுவார். மருந்து போட்ட எலி குறைவாக மிதந்தால் மருந்து பாஸ்!

மிதப்பதை ‘நம்பிக்கை இழந்த நிலை’ என்று படித்தார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. ஏற வழியில்லை, மூழ்கவும் போவதில்லை, கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கோட்டு வந்து தூக்கிவிடும் என்று நேற்றே தெரிந்துகொண்ட எலி எதற்குக் கை காலை உதற வேண்டும்? இன்னொன்று: மனிதருக்கு இந்த மருந்துகள் வேலை செய்ய வாரக்கணக்காகிறது, எலி ஒரே நாளில் நீந்திக் காட்டுகிறது. காஃபீன் கொடுத்தாலும் நீந்தும். அதற்காக உங்கள் ஊர் டிகிரி காபியை மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

எம்., சேலம்: அப்படியானால் முதல் மருந்தைக் கண்டுபிடித்த எலி எது?

எலியே இல்லை. 1950களில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது அவர்கள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமானார்கள். சுவிட்சர்லாந்தில் ரோலன்ட் கூன், மனச்சிதைவுக்குப் பயன்படாத இமிப்ரமின் மனச்சோர்வு நோயாளிகளைத் தேற்றுவதைப் பார்த்து 1957இல் எழுதினார். நீச்சல் சோதனை வந்தது அதற்கு 20 வருடம் கழித்து. ஏற்கெனவே தெரிந்த மருந்துகளை வைத்து அளவுகோல் செய்தார்கள். அதே ஜாடை மருந்துகள்தான் அதில் தேறின.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை: என் கணவர் வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்கு டென்ஷன். இதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா?

எலிகள் உங்கள் கட்சி. 2014இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மோகில் குழு கண்டது: ஆண் ஆய்வாளர் அருகில் வந்தால் எலிகளுக்கு ஸ்ட்ரெஸ் ஏறுகிறது, பெண் வந்தால் அப்படி இல்லை. ஆள்கூட வேண்டாம், அவர் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட் போதும். அதற்கு முன் நடந்த எத்தனை ஸ்ட்ரெஸ் ஆய்வுகளில் யார் கூண்டைத் திறந்தார் என்று குறித்து வைத்தார்களோ!

டி., திருச்சி: எல்லா எலிச் சோதனையையும் தடை செய்துவிடலாமா?

நீச்சலை நிறுத்தலாம், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2024இல் சட்டம் போட்டே நிறுத்தியது. எல்லாவற்றையும் அல்ல. சுண்டெலியை முரட்டு எலியிடம் தினம் சில நிமிடம், 10 நாள் அடிவாங்க விடும் ஆய்வு ஒன்று உண்டு. கொடுமைதான். ஆனால் பல எலிகள் ஒடுங்கிப்போக, அதே அடியை வாங்கிய சில எலிகள் பழையபடி திரிகின்றன. அவற்றின் மூளையில் என்ன வித்தியாசம் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

வி., நாகர்கோவில்: டாக்டர் கொடுத்த மாத்திரையை இதைப் படித்ததும் நிறுத்தத் தோன்றுகிறதே?

நிறுத்தாதீர்கள். எலி நீந்தியதற்காக மட்டும் அந்த மாத்திரை கடைக்கு வரவில்லை. மனிதரிடம் சோதித்த பிறகே வந்தது. திடீரென்று விட்டால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் வரலாம். சந்தேகத்தை அடுத்த முறை டாக்டரிடமே கேளுங்கள்.