ஊமைப் பொண்ணு பேசின ஊருடி இது

இந்தா புள்ள, அந்தக் கண்ணாடிய வுட்டு செத்த நவுரு. காலையிலேர்ந்து அதுகிட்டயே ஜெர்மன் பேசிக்கிட்டிருக்க. அதுவும் பாவம், நீ என்னா சொன்னாலும் உன் மூஞ்சியத்தான் திருப்பிக் காட்டுது, மார்க்கு போடத் தெரியல. ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறி, விடியக்காலம் எழும்பூர்ல எறங்கி, மாக்ஸ்முல்லர் பவன்ல போயி வாயத் தொறக்கணும். இங்கயே தொண்டையக் கட்டிக்கிட்டீன்னா அங்க சைகையிலதான் பதில் சொல்லணும்.

பயமா இருக்கு தாத்தா, பயமா இருக்கு தாத்தான்னு காது புளிக்கற அளவு சொல்லிட்ட. சரி, பயப்படணும்னு முடிவு பண்ணிட்டா அரைகொறையா பயப்படக்கூடாது. மொறையா பயப்படணும். நான் சொல்லித் தரன், கேட்டுக்க. ரயில்ல கண்ண மூடாத. மேல் பெர்த்துல படுத்துக்கிட்டு, போன் வெளிச்சத்துல அந்த மூணு நிமிசப் பேச்ச முற்றுப்புள்ளி உட்பட மனப்பாடம் பண்ணு. அப்பதான் நடுவுல ஒரு வார்த்த மறந்துச்சின்னா அதுக்குப் பின்னாடி இருக்கறது அத்தனையும் சேந்து மறக்கும். எறங்குனதும், பாட்டி கட்டிக் குடுக்கற கொத்சு ஊத்தி எட்டு இட்லி தின்னு. ரூமுக்குள்ள போனதும் ஜெர்மன்ல கொட்டாவி வுடலாம். அப்பறம், போன தடவ பெயிலான கூட்டாளிங்களா பாத்து ஒவ்வொருத்திக்கா போன் போட்டு, எந்தக் கேள்வியில வுழுந்தீங்கன்னு நல்லா விசாரிச்சிக்க. இவ்வளவும் செஞ்சும் நீ பாஸாயிட்டீன்னா, சத்தியமா அது எங்குத்தமில்ல.

மொறைக்காத. கழனிக்காட்டுல கெடந்த கெழவனுக்கு இதெல்லாம் என்னா தெரியும்னு பாக்கற. நீ ஆன்லைன்ல கிளாஸ் கேக்கச்ச திண்ணையில நான் தூங்கிக்கிட்டிருந்தன்னுதான நெனச்ச? தூங்கனது கண்ணு மட்டுந்தான். நீ எழுதற பி ஒன்னு பரீட்சைக்கு நாலு கூறு. படிக்கறது, கேக்கறது, எழுதறது, பேசறது. ஒவ்வொன்னுலயும் 100க்கு 60 வாங்கணும். பேசறதுக்கு ரெண்டு பேர ஒன்னா உக்கார வெக்கிறாங்க. யோசிக்க 15 நிமிசம், பேச ஒரு 15 நிமிசம். மொதல்ல ரெண்டு பேரும் சேந்து ஒரு காரியத்துக்குத் திட்டம் போடணும், அதுக்கு 28 மார்க்கு. அடுத்தாப்ல ஒரு தலைப்புல தனியா பேசணும், அதுக்கு 40. கூட இருக்கறவ பேசினதப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லி, ஒரு கேள்வியும் கேக்கணும், அதுக்கு 16. உச்சரிப்புக்கு ஒரு 16. கூட்டிப் பாரு, நூறு வரும்.

இதுல நீ எதுக்கு ஒடம்பு மெலியற? கடைசியில சொன்னனே, அந்த 16க்கு. தலைமேல ரெண்டு புள்ளி வெச்ச அந்த எழுத்துக்காவ, ஈர வெறவு அடுப்ப ஊதற மாதிரி மூணு நாளா வாயக் குவிச்சிக்கிட்டுத் திரியற. அந்தப் பதினாறையும் ஒன்னுவிடாம தொலைச்சிட்டாக்கூட மிச்சம் 84 கெடக்குது. வேணும்ங்கறது 60. நான் அஞ்சாங்கிளாசுதான், இருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கு வருது. பி.எஸ்ஸி நர்சிங் படிச்ச ஒனக்கு ஏன் வரல?

இன்னொன்னு. 'வைல்'னு சொல்லி காரணம் சொன்னா, வினைச்சொல்லக் கொண்டுபோயி கடைசியில வெக்கணும்னு உங்க வாத்தியாரம்மா தலையால தண்ணி குடிச்சிது. நீங்கள்லாம் இங்கிலீஷ் வழியா சுத்திக்கிட்டுப் போறதால வந்த வென. மழ பேஞ்சதால நான் வரலன்னு சொல்றமே, வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வினைய வாலுலதான கட்டறோம்? அங்க போயி பதட்டம் வந்துச்சின்னா இங்கிலீஷ நெனைக்காத. பாட்டிகிட்ட பேசறதா நெனச்சிக்க. ஒரு வாக்கியமாவது நேரா வந்து நிக்கும்.

தனியா பேசற பேச்சுல, உங்க நாட்டுல இது எப்பிடின்னு ஒரு எடம் கேக்கறாங்களாம். அதுக்கு நீ எழுதி வெச்சத வாசிச்சிக் காட்டின. 'இந்தியா ஒரு பெரிய நாடு, பல மதங்கள் உள்ள நாடு.' ஏன்டி, இது அவுங்களுக்குத் தெரியாதா? தலைப்பு திருவிழான்னு வந்தா ஆனியிலயும் மார்கழியிலயும் நாலு வீதியில தேரு வர்றதச் சொல்லு. சுற்றுலான்னு வந்தா பிச்சாவரத்துல சுரபுன்னக் காட்டுக்குள்ள படகு போறதச் சொல்லு. புயலு, மழ, சுற்றுச்சூழல்னு வந்தா 2011 டிசம்பர் 30ஆந்தேதி விடியக்கால தானே புயலச் சொல்லு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சி கெடந்தத நீ சின்னப்புள்ளையில உங்கப்பன் தோள்மேல உக்காந்து பாத்தவதான? கண்ணால கண்டதுக்கு மனப்பாடம் எதுக்கு? வார்த்த கெடைக்கலன்னா சின்ன வார்த்தயாப் போடு. முந்திரிக்கு அங்க என்னா பேருன்னு தெரியலன்னா கொட்ட வெளிய தொங்கற பழம்னு சொல்லு. பரீட்ச பாக்கறவங்க சிரிப்பாங்க. சிரிச்சா நல்லதுதான்.

கூட உக்காரப் போறவ யாருன்னு கவலப்படற. அவளும் ஒன்னப் பத்தி அதே கவலையோடதான் இந்நேரம் தாம்பரத்துலயோ தஞ்சாவூர்லயோ கண்ணாடிகிட்ட பேசிக்கிட்டிருப்பா. ரெண்டு பேருக்கும் மார்க்கு தனித்தனி, அவ தேறினா ஒனக்குக் கொறையாது. அவ தெணறினா நீ ஒரு கேள்வி கேட்டு எடுத்துக் குடு. அது தருமமில்ல, காரியம். சேந்து பேசறதுக்குத்தான அந்த 28? ஆனா உங்க அத்த கல்யாண வூட்டுல பேசற கணக்கா அடுத்தவ வாயத் தொறக்க வுடாம நீயே பேசிடாத. அந்த ரத்தம் ஒனக்கும் கொஞ்சம் ஓடுது.

ஜெர்மன்காரன் சிரிப்பான்னு ஒரு பயம் வேற. கொள்ளிடம் பாலத்தத் தாண்டி, சீர்காழி வழியா தரங்கம்பாடி போயிருக்கல்ல? 1706 ஜூலையில அங்க கப்பல்ல வந்து எறங்குனான் சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன் பையன். டென்மார்க் ராஜா அனுப்பின பாதிரி. கூட புளுட்ஷோன்னு ஒருத்தர். அந்தப் பையனுக்கு வயசு என்னாங்கற? ஏறக்கொறைய ஒன் வயசு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. கோச்சிங் சென்டர் இல்ல, யூடியூப் இல்ல. என்னா பண்ணான் தெரியுமா? ஒரு திண்ணப் பள்ளிக்கூட வாத்தியாரப் புடிச்சி, பள்ளிக்கூடத்தையே தன் வூட்டுக்கு வரவெச்சி, சின்னப் பசங்களோட பசங்களா தரையில குந்தி, மணல்ல வெரலால அ, ஆ எழுதினான். படிச்ச பாதிரி, கோட்டு போட்ட ஆளு, மூக்கு ஒழுவற பசங்களுக்கு நடுவுல. ழகரத்துக்கு அவன் நாக்கு என்னா பாடு பட்டிருக்கும், அதப் பாத்து அந்தப் பசங்க எப்பிடிச் சிரிச்சிருக்கும்! அவன் எழுந்து ஓடல. நடுவுல டேனிஷ் கவர்னர் அவனப் புடிச்சி நாலு மாசம் ஜெயில்ல வேற போட்டான். பத்து வருசத்துல, 1716ல, தமிழுக்கு இலக்கணம் எழுதி ஜெர்மனியில ஹாலேங்கற ஊருல அச்சுப் போட்டான். அதுக்கு மின்னாடியே தரங்கம்பாடியில அச்சுக்கூடம் வெச்சி பைபிள்ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல அடிச்சாச்சி. முப்பத்தாறு வயசுல போயிச் சேந்துட்டான், பாவம். இதெல்லாம் நான் நம்ம ஊரு லைப்ரரியில படிச்சன். அங்க காத்தாடி நல்லா சுத்தும், அதுக்காவத்தான் போவேன்.

நம்ம கடலூருக்கே வந்தான் ஒருத்தன், 1740ல. கீர்நாண்டர்னு பேரு. பொறந்தது சுவீடன், படிச்சது அதே ஹாலே. பதினெட்டு வருசம் கடலூர்ல குந்திக்கிட்டிருந்தான். 1758ல பிரெஞ்சுக்காரன் செயின்ட் டேவிட் கோட்டையப் புடிச்சதும்தான் கல்கத்தாவுக்குக் கெளம்பினான். அப்பறம் 1812ல எல்லிஸ் தொர மதராசுல ஒரு காலேஜ் வெச்சார். எதுக்குன்னா, கம்பெனி உத்தியோகத்துக்கு வந்த வெள்ளக்காரப் பசங்கள நம்ம பாஷையில பரீட்ச வெச்சித் தேத்தறதுக்கு. தேறினாத்தான் சம்பளம் ஏறும். ஒன் வயசுப் பசங்க தமிழுக்கு நடுங்கிக்கிட்டு குந்தியிருந்தாங்க புள்ள! நம்மாளு முன்ஷி எதுக்க ஒக்காந்து அவன் நாக்கத் திருத்தியிருப்பாரு. அந்தக் கணக்கு பாக்கி இருந்துச்சி. நீ நாளைக்குப் போயி தீத்துட்டு வா.

அடுத்தவன் பாஷைன்னாத்தான் ஒதறும்னு நெனைக்காத. கீழத்தெரு பையன் டப்ளின்ல நர்சா இருக்கான்ல, அவன் சொன்னான். அயர்லாந்துல பள்ளிக்கூடம் முடிக்கறப்ப ஒரு பெரிய பரீட்ச. அவுங்க ஐரிஷ் பாஷைக்கு மட்டும் நூத்துக்கு 40 மார்க்கு வாயாலதானாம். செய்யுள் படிக்கணும், படத்தப் பாத்துக் கத சொல்லணும், கேட்டதுக்குப் பதில் சொல்லணும். நாட்டோட சொந்த பாஷ; அதுக்கே அந்தப் புள்ளைங்க மொத நாளு ராத்திரி ஒன்ன மாதிரிதான் நகத்தக் கடிக்குதாம். நகம் எல்லா நாட்டுலயும் ஒரே ருசிதான் போல.

நீ நிக்கறது எந்த ஊருன்னு நெனச்சிப் பாரு. இந்தத் தில்லையிலதான் மாணிக்கவாசகரும் ஈழத்துலேர்ந்து வந்த பௌத்தருங்களும் வாதாடினாங்கன்னு புராணம் சொல்லுது. ஈழத்து ராசாவோட மவ பேசாதவ. வந்தவங்க கேட்ட கேள்விக்கெல்லாம் சபையில வெச்சி அவதான் வாயத் தொறந்து பதில் சொன்னாளாம். பொறந்ததுலேர்ந்து பேசாதவளே பேசிட்டா! நீ பொறந்ததுலேர்ந்து நிறுத்தாதவ. ஒரே ஒரு வித்தியாசம், அவளுக்குப் பக்கத்துல மாணிக்கவாசகர் நின்னாரு, ஒனக்கு நான் நிக்கறன். அதான் கொஞ்சம் ஒதைக்குது.

தமாசு போவட்டும். ராத்திரி டூட்டியில நீ என்னா பண்ற? மூணு மணிக்கு மூச்சு வாங்கற பெருசு ஒன்னு, ஒனக்குப் புரியாத தெலுங்குல என்னமோ சொல்லுது. எனக்கு இலக்கணம் வரலன்னு நீ வெளிய ஓடினியா? திரும்பச் சொல்லுங்கய்யான்ன, கையக் காட்டின, வலி எங்கன்னு கண்டுபுடிச்ச. நாளைக்கும் கேள்வி புரியலன்னா பிட்டேன்னு சொல்லித் திரும்பக் கேளு, கேக்கலாம்னுதான் உங்க வாத்தியாரம்மாவே சொன்னுச்சி. தப்பா சொல்லிட்டா நாக்கக் கடிச்சிக்கிட்டு ஒக்காராத, திருத்திச் சொல்லிட்டு மேல போ. சும்மா ஒக்காந்திருந்தா யாரும் மார்க்கு போட முடியாது. வருசத்துக்கு 20,000 வேல விசான்னு இருந்தத இந்தியாவுக்கு 90,000 ஆக்கறம்னு 2024 அக்டோபர்ல ஜெர்மன்காரங்களேதான் சொன்னாங்க. ஆளு வேணும்ங்கறது அவுங்க. நீ என்னா கடன் கேக்கவா போற?

அப்பிடியே போச்சின்னா என்னா? அந்த ஒரு கூற மட்டும் திரும்பக் குடுத்துக்கலாம், மத்த மூணும் கைவுட்டுப் போவாது. பீசு போவும். அது உங்கப்பன் காசு, எனக்கென்னா. நீ இன்னும் நாலு மாசம் இங்க இருந்தா எனக்குக் காலையில சர்க்கர பாத்துச் சொல்ல ஆளு இருக்கும். அதனால நான் சொல்ற யோசனைய ரொம்ப நம்பாத, எனக்கும் இதுல கொஞ்சம் சொந்த லாபம் இருக்குது.

போயி மொகத்தக் கழுவிக்கிட்டு வா, சோறு தின்னுட்டுக் கெளம்பலாம். பைய அடுக்கிட்டன்னு சொன்னியே, அடையாளத்துக்குக் காட்டற பாஸ்போர்ட்டு எங்க? காலையிலேர்ந்து பொலம்பினதுல அத வெக்க மறந்துட்ட. டிவி பொட்டி மேல, பாட்டி மாத்திரைக்கு அடியில கெடக்குது. மத்தியானமே பாத்தன். நீயா எப்ப தேடறன்னு பாப்பம்னு சும்மா இருந்தன்.